பரணில் கிடக்கும் பெட்டியும் கவுண்டி வரலாற்றுச் சங்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கவுண்டி வரலாற்றுச் சங்கத்தில் சில வருடங்களாக சனிக்கிழமை காலைகளில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். பெட்டியைப் பிரிப்பது, எண் எழுதுவது, பட்டியலிடுவது, வருகிறவர்களுக்குப் பழைய வரைபடம் எடுத்துக் கொடுப்பது, இதெல்லாம்தான் வேலை. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது அரசு அலுவலகமா?

பெரும்பாலும் இல்லை. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். அமெரிக்கா முழுக்க 3,000-க்கும் மேல் இருக்கின்றன, பென்சில்வேனியாவில் மட்டும் 67. அந்தப் பெயரைத் தாங்கிய வரலாற்றுச் சங்கம் பெரும்பாலும் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் லாப நோக்கமில்லாத அமைப்பு. உறுப்பினர் சந்தா, நன்கொடை, அவ்வப்போது கிடைக்கும் மானியம், இவற்றில் ஓடுகிறது. சில இடங்களில் கவுண்டி நிர்வாகம் கட்டடமோ கொஞ்சம் பணமோ தரும். சம்பளத்துக்கு இருப்பவர்கள் ஒன்றிரண்டு பேர்தான், மீதி எல்லாம் தன்னார்வலர்கள்.

எவ்வளவு காலமாக இப்படிச் சேர்த்து வைக்கிறார்கள்?

இந்த நாட்டின் முதல் வரலாற்றுச் சங்கம் 1791-இல் மாசசூசெட்ஸில் தொடங்கியது. கவுண்டி அளவில் அதே மாநிலத்தின் சேலம் ஊரில் எசெக்ஸ் கவுண்டிக்கான சங்கம் 1821-இல் வந்தது. பென்சில்வேனியாவில் பக்ஸ் கவுண்டிச் சங்கம் 1880, செஸ்டர் கவுண்டிச் சங்கம் 1893.

ஓட்டைக் கூடையும் துருப்பிடித்த கோடாலியும் சேர்த்து என்ன பிரயோஜனம்?

இதற்கு நான் எப்போதும் ஹென்றி மெர்சரைப் பற்றித்தான் சொல்வேன். 1856-இல் பக்ஸ் கவுண்டியின் டாய்ல்ஸ்டவுனில் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தொல்லியல் வேலை பார்த்தவர், அதாவது மண்ணைத் தோண்டி ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்தைய கல் கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தவர். 1897-இல் பழைய பாணி கணப்பு ஒன்றுக்கு இடுக்கி வேண்டுமென்று உள்ளூர்க்காரர் ஒருவரின் இடத்துக்குப் போகிறார். அந்த ஆள் கிராமத்து ஏலங்களில் எல்லாம் விற்று முடிந்த பிறகு யாரும் சீந்தாத மிச்சத்தைக் காசு கொடுத்து அள்ளிக்கொண்டு வருகிறவர். அங்கே நூற்கும் ராட்டை, ஆளிநார் அடிக்கும் கட்டை, ஆப்பிள் தோல் சீவும் எந்திரம், நுகத்தடி என்று குவிந்து கிடக்கிறது. எல்லாம் மெர்சருடைய தாத்தா காலத்தில் அன்றாடம் புழங்கியவை, ஆலைகள் வந்ததும் ஒரே தலைமுறையில் குப்பையாகிவிட்டவை. மண்ணுக்கு அடியில் தேடுவதை இங்கே மண்ணுக்கு மேலேயே, அதுவும் எரிபட்டுப் போவதற்கு முன்னால் எடுத்துவிடலாமே என்று அவருக்குப் பட்டது. அதற்குப் பிறகு குதிரை வண்டியில் ஊர் ஊராகச் சுற்றிச் சேர்த்தார். அதே வருடம் ஒரு கண்காட்சியும் வைத்தார்.

அப்புறம் கட்டடம். 1872-இல் பாஸ்டன் நகரம் தீப்பிடித்தபோது மெர்சருடைய அத்தை சேர்த்து வைத்திருந்த பழைய போர்க் கவசங்கள் அதில் அழிந்தன. அந்த பயம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அதனால் அருங்காட்சியகத்தைச் சுவர், கூரை, சன்னல் சட்டம் வரை காங்கிரீட்டிலேயே வார்த்தார். ஏழெட்டுத் தொழிலாளர்களும் காங்கிரீட் இழுக்க லூசி என்ற ஒரு குதிரையும்தான் துணை. 1916-இல் முடிந்தது. பக்ஸ் கவுண்டி வரலாற்றுச் சங்கம் இன்றைக்கும் அதை நடத்துகிறது. உள்ளே போய் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள், தலைக்கு மேலே திமிங்கில வேட்டைப் படகு, கூண்டு வண்டி, தொட்டில், நாற்காலி எல்லாம் தொங்குகின்றன. சுற்றிலும் அறை அறையாக 60 தொழில்கள் வரை: பீப்பாய் கட்டுகிறவர், செருப்பு தைக்கிறவர், தொப்பி செய்கிறவர், சீப்பு அறுக்கிறவர். ராஜாவோ தளபதியோ இல்லை, கை வேலை செய்து பிழைத்தவர்களின் சாமான்கள் மட்டும். முதல் தடவை போனபோது நான் சீப்பு அறுக்கிறவரின் அறையில் அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

ஒரு பொருளைக் கொடுத்தால் அதற்கு உள்ளே என்ன நடக்கும்?

நான் கையால் செய்த ஒன்றையே சொல்கிறேன். ஆப்பிளை நாள் முழுக்கக் காய்ச்சிக் களிம்பு மாதிரி ஆக்குவது இங்கே ஜெர்மானிய வழிக் குடும்பங்களின் இலையுதிர்கால வழக்கம். அதைக் கிண்டும் மரத்துடுப்பு ஒன்று எங்களிடம் வந்தது. ஆளுயரத்துக்கு மேல் பிடி, முனையில் செங்குத்தாகத் திருப்பிப் பொருத்திய பலகை, பலகையில் ஏழு ஓட்டைகள். அடிப்பக்கம் ஒரு மூலை மட்டும் தேய்ந்து, கொஞ்சம் கருகியும் இருந்தது, அண்டாவின் ஒரே பக்கத்தை வருடக்கணக்காக உரசியதால். முதலில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக வைத்தோம். பிறகு மென்மையான தூரிகையால் தூசி மட்டும் தட்டினோம், கருகலைத் தொடவில்லை, அதுதானே அதன் வாழ்க்கை. கண்ணில் படாத இடத்தில் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மெல்லிய பேனாவால் எண், அதற்கு மேல் இன்னொரு பூச்சு. நாளைக்குத் தேவைப்பட்டால் கரைத்து எடுத்துவிடலாம், மரத்துக்குச் சேதமில்லை.

எண் இப்படி இருக்கும்: 2019.14.3. அந்த வருடம் வந்த 14-ஆவது நன்கொடையில் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். அதே எண் கோப்பிலும் கணினியிலும் ஏறும். கொடுத்தவர் யார், எந்தப் பண்ணை, யார் கிண்டினார்கள், கடைசியாக எப்போது பயன்பட்டது, எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். எண் அழிந்து போனால் துடுப்பு வெறும் கட்டைதான்.

கதை தெரியாவிட்டால் பரவாயில்லையா? பொருள் பழசாக இருந்தால் போதாதா?

போதாது. இதை நான் அழுத்திச் சொல்வேன்.

ஒரு காலணிப் பெட்டி நிறைய புகைப்படங்கள் எங்களுக்கு வந்தன, ஒரு வீட்டைக் காலி செய்தபோது எடுத்தது. அழகான படங்கள், சிரிக்கும் முகங்கள், ஒன்றில்கூட பெயர் இல்லை. ஒரே ஒரு படத்தின் பின்னால் மட்டும் பென்சிலில் பெரிய பனிப்புயலுக்கு மறுநாள், கடை வாசலில், அப்பாவும் நாயும் என்று எழுதி, தெருப் பெயரும் இருந்தது. அந்த ஒன்றை வைத்துக் கடையைக் கண்டுபிடித்தோம், கடையை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்தோம். மீதிப் படங்களில் இருப்பவர்கள் யாரென்று சொல்ல இன்று ஒருவரும் உயிரோடு இல்லை.

மெர்சர் அருங்காட்சியகத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. ரத்தக்காட்டேரியைக் கொல்வதற்கான உபகரணப் பெட்டி என்று ஒன்று அவர்களிடம் வந்து சேர்ந்தது, சிலுவை, கட்டை ஆணி, துப்பாக்கி எல்லாம் வைத்தது, 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று பெட்டிக்குள் ஒட்டிய சீட்டு சொன்னது. ஆய்வுக்கூடத்தில் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தால் அந்தச் சீட்டு பளபளவென்று ஒளிர்ந்தது. அப்படி ஒளிர்வது காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒரு ரசாயனம், அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகிதத்தில் சேர்க்கப்பட்டது. பொய்க் கதைதான், ஆனால் அதைக் கண்டுபிடித்தது உண்மைக் கதையாகி, அதுவும் அங்கே பதிவாகிவிட்டது.

எதையெல்லாம் வாங்க மாட்டார்கள்?

குடும்ப பைபிள் (உள்ளே பிறப்பு இறப்புக் குறிப்பு இருந்தால் வேறு கதை), கலைக்களஞ்சிய வரிசை, பழைய வாரப் பத்திரிகைகள், தையல் மெஷின், பியானோ. ஏற்கெனவே நாலைந்து இருக்கும், இடம் இருக்காது. கவுண்டிக்குத் தொடர்பில்லாத பொருளையும் வாங்க மாட்டார்கள். மறுத்தால் வருத்தப்படாதீர்கள், பொருந்துகிற வேறு இடத்தை அவர்களே பெரும்பாலும் சொல்வார்கள். சொல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போவதை மட்டும் செய்யாதீர்கள். யார் வைத்தது, சட்டப்படி யாருடையது என்று தெரியாத பொருளை வைத்துக்கொண்டு சங்கம் பல வருடம் அல்லாட வேண்டியிருக்கும்.

கொடுத்த பிறகு திரும்பக் கேட்கலாமா?

கேட்க முடியாது. நன்கொடைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள், அதோடு பொருள் சங்கத்துடையது. அதனால் வீட்டில் அண்ணன் தங்கை எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டு வாருங்கள். பிறகு வந்து அது அம்மா எனக்கென்று சொன்னது என்பார்கள், நான் பார்த்திருக்கிறேன், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். கண்காட்சிக்கு மட்டும் கொஞ்ச நாள் இரவல் கொடுக்கலாம், அது வேறு பத்திரம். ஸ்கேன் எடுக்கக் கொடுத்துவிட்டு அசலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவும் நிறைய சங்கங்கள் ஒத்துக்கொள்கின்றன.

கடிதங்களிலும் புகைப்படங்களிலும் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். தாள் உங்களுடையதாக இருக்கலாம், பதிப்புரிமை எழுதியவருக்கோ எடுத்தவருக்கோ அவர்கள் வாரிசுக்கோ போகும். பத்திரத்தில் அதற்கென்று தனி வரி இருக்கும், படித்துப் பாருங்கள்.

வரிக் கழிவுக்கு விலை போட்டுத் தருவார்களா?

மாட்டார்கள், போடவும் கூடாது. வாங்குகிறவரே விலை சொல்வது முறையில்லை. மதிப்பு 5,000 டாலருக்கு மேல் என்று நீங்கள் காட்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் உங்கள் செலவில் மதிப்புப் போட வேண்டும். கணக்காளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் வாங்கியிருக்கும் வீடு நூறு வருடப் பழசு. அதைப் பற்றி அங்கே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. முதலில் கவுண்டிப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உங்கள் கிரயப் பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போங்கள், ஒவ்வொரு பத்திரத்திலும் அதற்கு முந்தையதன் குறிப்பு இருக்கும். பெயர்கள் கையில் கிடைத்ததும் சங்கத்து நூலகத்துக்கு வாருங்கள். ஊர் விலாசப் புத்தகம், வரிப் பட்டியல், கடைக் கணக்கேடு, நாட்குறிப்பு, பழைய அட்லஸ் எல்லாம் இருக்கும்.

தீ இன்சூரன்சுக்காக சான்பார்ன் நிறுவனம் 1867 முதல் போட்ட வரைபடங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒவ்வொரு வீடும் அதில் நிறத்தோடு இருக்கும்: செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள், கல் என்றால் நீலம். உங்கள் வீட்டுப் பின்கட்டு ஒரு வரைபடத்தில் இல்லாமல் அடுத்ததில் மஞ்சளாக முளைத்திருந்தால் எப்போது சேர்த்தது என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

சிறு காகிதங்கள் ஏன் முக்கியம் என்பதற்கு இதையும் சொல்ல வேண்டும். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பாழாயின, ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. 1880-க்கும் 1900-க்கும் நடுவில் ஒருவர் எங்கே இருந்தார் என்று தேடினால் தேசிய ஆவணத்தில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை நிரப்புவது ஒரு கிராமத்து மளிகைக்காரர் வைத்திருந்த பற்று வரவு நோட்டுதான்.

நாங்கள் எழுபதுகளில் வந்தவர்கள். எங்களுக்கும் கவுண்டி வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் இந்த ஊர்களுக்கு வந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இங்கே வேலை பார்த்து, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, சிலர் இங்கேயே காலமாகியும் விட்டார்கள். இருந்தும் எங்கள் சங்கத்து அலமாரியில் நான் தேடியபோது ஒரு தமிழ்த் தாள்கூட இல்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. நம் ஆட்களில் ஒருவரும் கொண்டு போய்க் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நூறு வருடம் கழித்து இந்தக் கவுண்டியைப் பற்றி எழுதுகிறவர் அலமாரியில் இருப்பதை வைத்துத்தான் எழுதுவார்.

எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருவர் கடைசியில் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே நீல நிற விமானத் தபால் தாள்கள், கும்பகோணத்திலிருந்து அவருடைய மாமனார் எழுதியவை. இடம் போதாமல் போனதும் தாளைத் திருப்பி ஓரம் முழுக்க சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார், ஒட்டும் மடிப்பில்கூட ரெண்டு வரி, பிரிக்கும்போது அந்த இடம் மட்டும் கிழிந்திருக்கிறது. ஒரு கடிதத்தில், குளிரில் மாவு பொங்கவில்லை என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படிச் செய்கிறாய் என்று கேட்கிறார். மாமி எழுதிய பதில் கும்பகோணத்தில் போயே போய்விட்டது. ஆனால் மாமியே எதிரில் உட்கார்ந்திருந்தாரே! ஓவனைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க மாவை உள்ளே வைத்ததைச் சொன்னார், பதிவு செய்துகொண்டோம். டின்னின் அடியில் சைக்ளோஸ்டைல் எடுத்த பொங்கல் விழா அழைப்பு ஒன்று, ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள ஹாலில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லி, யார் எதைக் கொண்டுவருவது என்று கையெழுத்தில் பெயர்கள். அந்த ஊரில் அன்று எத்தனை தமிழ்க் குடும்பம் இருந்தது என்பதற்கு அதைவிடச் சரியான பட்டியல் வேறெங்கும் இல்லை.

தமிழில் இருக்கிறதே, அவர்களுக்கு எப்படிப் புரியும்?

ஒவ்வொரு கடிதத்துக்கும் யார், யாருக்கு, எப்போது, எதைப் பற்றி என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிச் சேர்த்துக் கொடுங்கள், முழு மொழிபெயர்ப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கவுண்டியில் ஜெர்மன் மொழி ஆவணங்கள் நிறைய இருக்கின்றன. அவையும் ஒரு காலத்தில் வந்தேறிகளின் வீட்டுக் காகிதங்கள்தான், யாரோ உட்கார்ந்து படித்துப் பட்டியலிட்டார்கள். அசலைக் கைவிட மனம் வராவிட்டால் 2008-இல் தொடங்கி இப்போது பிலடெல்பியாவிலிருந்து இயங்கும் தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அவர்கள் பிரதி எடுத்துக்கொண்டு அசலைக் குடும்பத்திடமே விட்டுவிடுவார்கள். ரெண்டு இடத்திலும் இருந்தால் இன்னும் நல்லது.

கொடுப்பது அப்புறம் இருக்கட்டும். வீட்டில் எப்படிப் பத்திரப்படுத்துவது?

பரணும் வேண்டாம், பேஸ்மென்ட்டும் வேண்டாம். ஒன்றில் வெயில் காலத்தில் வேகும், இன்னொன்றில் ஈரம் ஏறும். நீங்கள் தூங்குகிற அறையின் அலமாரிதான் சரி, மனிதனுக்கு ஒத்துக்கொள்ளும் சூடும் ஈரப்பதமும் காகிதத்துக்கும் ஒத்துக்கொள்ளும். எழுபதுகள், எண்பதுகளின் ஒட்டும் பக்கம் வைத்த ஆல்பத்திலிருந்து படங்களை எடுத்துவிடுங்கள், அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். வரவில்லையென்றால் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து மெதுவாக அறுத்து எடுக்கலாம், அதற்கு முன்னால் பக்கத்தை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். செலோ டேப், ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப் கூடாது. அமிலம் நீக்கிய உறை, பெட்டி கடையில் கிடைக்கும். படத்தின் பின்னால் பெயர் எழுதினால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், மென்மையான பென்சில் போதும். பின்பக்கம் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருந்தால் பென்சில் பிடிக்காது, அப்போது உறையின் மேல் எழுதிவிட்டுப் படத்தை உள்ளே போடுங்கள்.

கல்யாண வீடியோ கேசட் இருந்தால் இந்த மாதமே பிரதி எடுக்கக் கொடுங்கள். நாடாவும் கெடுகிறது, ஓட்டும் எந்திரமும் கிடைப்பதில்லை.

தண்ணீர் புகுந்து நனைந்துவிட்டால்?

2021-இல் ஐடா புயல் வந்தபோது இங்கே நிறைய வீடுகளில் நடந்தது. ஈரக் காகிதத்தில் ரெண்டே நாளில் பூஞ்சை வந்துவிடும். பதறிப் பிரிக்காதீர்கள், ஹேர் டிரையர் வேண்டாம். சின்னச் சின்னக் கட்டாக மெழுகுத்தாள் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், அத்தோடு சேதம் நின்றுவிடும். பிறகு நிதானமாக ஒவ்வொரு கட்டாகக் காய வைக்கலாம்.

வெள்ளைக் கையுறை போட வேண்டுமா?

காகிதத்துக்கு வேண்டாம், கழுவித் துடைத்த கை போதும். துணிக் கையுறையில் விரலுக்கு உணர்வு குறைந்து தாள்தான் கிழியும். புகைப்படத்துக்கும் உலோகத்துக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

ஊரின் அசிங்கமான பக்கத்தையும் சேர்த்து வைக்கிறார்களா?

நல்ல சங்கம் வைக்கும், வைக்கத்தான் வேண்டும். பக்ஸ் கவுண்டியின் லெவிட்டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952-இல் தொடங்கிய அந்தக் குடியிருப்பில் 17,000-க்கும் மேல் வீடுகள், கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்பது கட்டியவரின் கொள்கை. 1957 ஆகஸ்டில் வில்லியம், டெய்சி மையர்ஸ் தம்பதி ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டு இரவு இரவாகக் கத்தினார்கள், கல் எறிந்தார்கள். துணை நின்ற அண்டை வீட்டாரும் இருந்தார்கள். இதே கவுண்டியின் ரைட்ஸ்டவுனிலிருந்து 1737-இல் ஒருவர் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் அளவு நிலம் மட்டும் என்று சொல்லி, ஓட்டக்காரர்களை விட்டு, பூர்வகுடிகளான லெனாபே மக்களின் நிலத்தை ஏமாற்றி எடுத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்று ஓக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். தோட்டத்தில் கல் அம்புமுனை கிடைத்தால் எடுத்த இடத்தைக் குறித்து வைத்துவிட்டு அதன் பிறகு சங்கத்தைக் கேளுங்கள். எலும்பு தென்பட்டால் கையே வைக்காதீர்கள், உடனே போலீசுக்குச் சொல்லுங்கள். பூர்வகுடியினரின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் வைத்திருக்கும் நிறுவனங்கள், மத்திய அரசின் பணம் பெறுபவையாக இருந்தால், அவர்களிடம் திருப்பித் தர வேண்டும் என்று 1990 முதல் சட்டம் இருக்கிறது.

முதல் தடவை போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் போன் செய்து சேகரிப்புப் பொறுப்பாளரிடம் நேரம் வாங்குங்கள். பொருள்களை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் யாருடையது, எந்த வருடம், எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எழுதும்போது அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால் அவர்களைக் கேட்டு எழுதுங்கள், அவர்கள் பேசுவதை ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். படத்தில் அப்பாவுக்கு இடதுபக்கம் நிற்பவர் யாரென்று இன்று அவர்களுக்குத்தான் தெரியும்.